பன்னிரண்டாவது பைன்

நான் ரொறன்ரோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. நளாயினியிடம் இருந்த என்னுடைய தாள்களைத் திருப்பி வாங்கப் போனேன். அதனால் இதில் நீர்வீழ்ச்சி வராது. எல்லாரும் கேட்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

தாள் என்றால் எழுதிய தாள் அல்ல. செடியைப் பிடுங்கி, அழுத்தி, காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, கீழே எங்கே எப்போது யார் எடுத்தது என்று எழுதி வைப்பது. எண்பதுகளில் நானும் நளாயினியும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகத் தாவரவியல் படித்தோம். தெல்லிப்பழைக்கும் கீரிமலைக்கும் இடையில் உள்ள சுண்ணாம்புக் கல் தரையில் என்னென்ன முளைக்கிறது என்று நான் சைக்கிளில் திரிந்து சேர்த்தேன். வெயிலில் திரிந்தது நான். நளா நிழலில் இருந்து ஒட்டினாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே செடியை இரண்டு தாளில் வைத்து ஒன்றை வேறு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். ஓரிடம் அழிந்தால் மற்ற இடத்தில் இருக்கும். நளா கனடாவுக்குப் படிக்கப் போகும்போது அந்த இரண்டாவது தாள்களைக் கட்டாகக் கட்டி அவளிடம் கொடுத்தேன். நூற்றுப் பதினேழு தாள்.

என்னுடைய கட்டு தொண்ணூறாம் ஆண்டு வீட்டோடு போனது. ஓடும்போது அரிசியைத் தூக்குவார்கள், செடி ஒட்டிய தாளை யார் தூக்குவார்கள்? அந்த இடம் அன்றிலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். நான் யாழ்ப்பாண நகரத்தில் உயிரியல் படிப்பித்துக்கொண்டு இருந்தேன். நான் போனது இரண்டாயிரத்து ஒன்பது யூலையில், சண்டை முடிந்து இரண்டு மாதம். இனி அந்தக் கல்லைத் தோண்டிச் சீமெந்து ஆக்க யாராவது வருவார்கள். அங்கே இன்னது இருந்தது என்று காட்ட யாழ்ப்பாணத்தில் ஒரு தாளும் இல்லை. அதற்காகத்தான் போனேன்.

விமான நிலையத்துக்கு நளா வரவில்லை. அவளுடைய கணவர் குகன் அண்ணை வந்தார்.

"ரீச்சரம்மா, கோவியாதேங்கோ. அவவின்ர பைன் மரப் பிள்ளையளுக்கு இண்டைக்குத் தண்ணி குடுக்கிற நாள்."

"எனக்கும் தண்ணி தேவைதான்," என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு போத்தல் தந்தார். காரில் ஏறியதும் அவருடைய தொலைபேசி அடித்தது. அவருடைய தங்கை குடும்பம் வன்னியில் இருந்து வந்து முகாமில் இருக்கிறது. முகாமுக்குள் யாரோ ஒருவரிடம் தொலைபேசி இருக்கிறதாம், அந்த ஆள் எடுக்கும்போது இவர் எங்கே நின்றாலும் கதைக்க வேண்டும். காரை ஓரத்தில் நிறுத்தி, "சாப்பிட்டவையோ, சாப்பிட்டவையோ" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. மிச்ச வழி முழுதும் வீட்டு விலை பற்றியே கதைத்தார். நான் குறை சொல்லவில்லை, வேறு எதைக் கதைப்பது?

வீடு யூனியன்வில்லில். குளிர்பெட்டியைத் திறந்தால் பிட்டு, இடியப்பம், சம்பல், கணவாய்க் கறி, எல்லாம் கடைப் பெட்டியில் திகதி ஒட்டி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பாதை மூடி, சாமான் வராத நாட்களில் ஒரு கிலோ சீனிக்கு நான் வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கே முருங்கை இலைகூட உருவிக் கழுவி வைத்திருக்கிறது. சாப்பிட்டேன். எரிச்சலோடு சாப்பிட்டாலும் கணவாய் நன்றாகத்தான் இருந்தது.

பின்னேரம் நளா வந்து கட்டிப்பிடித்தாள்.

"என்னடி தவம், இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"என்ர பங்கையும் நீ சாப்பிட்டிட்டாய் போல."

"வாய் மட்டும் மெலியேல்லை," என்றாள். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். தலைமயிருக்குச் சாயம் பூசியிருந்தாள். நான் பூசவில்லை.

"தாள் எங்க?" என்றேன்.

"முதல் சாப்பிடு. தாள் எங்க ஓடப்போகுது."

அடுத்த நாள் அவளுடைய கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஓர் ஆய்வு நிலையத்தின் பின்பக்கம் மூன்று அறை, கூரையும் சுவரும் கண்ணாடி. வெளியே யூலை மாதம், எங்கள் மார்கழி போல வெயில். உள்ளே போனதும் வியர்த்தது. வைகாசி மாத யாழ்ப்பாணம் போல இருந்தது. பனியும் குளிரும் உள்ள நாட்டில் காசைக் கொட்டி வெக்கை செய்கிறார்கள்.

நீண்ட மேசைகளில் வெள்ளைக் கல். நான் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். எங்கள் கல். துளை துளையாக, விளிம்பு கத்திபோல, வெறுங்காலால் நடந்தால் கிழிக்கிற அதே சுண்ணாம்புக் கல்.

"இது எங்கத்தையடி?"

"புளோரிடாவின்ர தெற்கு முனை. லொறியில வந்தது," என்றாள் நளா.

எங்கள் கல்லையும் லொறியில் ஏற்றினார்கள். அது சீமெந்துச் சூளைக்குப் போனது.

அந்தக் கல்லின்மேல் வளரும் பைன் காட்டைத்தான் அவள் இங்கே கன்று வைத்து ஆராய்கிறாள், அதைப் பற்றிச் சொன்னாள். சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள், நானும் கேட்டேன், ஏனென்றால் அது கேட்கவேண்டிய காடு. கல்லுக்கு மேலே மண் என்று ஒன்று இல்லை. மழை அரித்த குழிகளில் ஒரு கைப்பிடி மண், காய்ந்த பைன் ஊசி, அவ்வளவுதான். அந்தக் கைப்பிடியில் வேர்விட்டு, வெடிப்புக்குள் வேரை இறக்கி, பைன் மரம் நிமிர்ந்து நிற்கிறது. அதன் நிழல் மெல்லியது, வெயில் தரைவரை வரும். அதனால் கீழே பெருங் கூட்டம். காம்பில் வாளின் பல்லைப் போல முள் வைத்த குட்டைப் பனை. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளி போல் மின்னும் இன்னொரு பனை. சைக்கஸுக்கு உறவான ஒரு குட்டைச் செடி, அதன் கிழங்கு நஞ்சு, கழுவிக் கழுவி மா எடுத்தால் சாப்பிடலாம், அந்தச் செடி இல்லாவிட்டால் உயிர்வாழ முடியாத ஒரு வண்ணத்துப்பூச்சி. காலடியில், குனிந்தால்தான் தெரிகிற பூண்டுகள். அவற்றில் சில உலகத்தில் வேறு எங்கும் இல்லை. பக்கத்துத் தீவுகளிலும் இதேபோல் சுண்ணாம்புக் கல்லின்மேல் பைன் காடு இருக்கிறதாம். கல்லுக்குக் கீழே கடல் தண்ணீர், அதன்மேல் நல்ல தண்ணீர் ஒரு படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகளும் அப்படித்தான். கனக்க இறைத்தால் உவர் ஏறும், அங்கேயும் ஏறுகிறதாம்.

"அதே கல்லு, அதே தண்ணி," என்றாள் நளா. "அவைக்குப் பைன், எங்களுக்குப் பனை."

அதோடு நிறுத்தியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். நெருப்பைப் பற்றிச் சொன்னாள்.

அந்தக் காடு சில வருடங்களுக்கு ஒருமுறை எரியவேண்டும். முன்பு மின்னல் விழுந்து எரிந்தது. எரியாவிட்டால் அகன்ற இலை மரங்கள் ஏறி, நிழல் விழுந்து, கீழே உள்ள பூண்டெல்லாம் செத்துப்போகும். பைனுக்குப் பட்டை தடிப்பு, தாங்கும். குட்டைப் பனை கருகி ஒரு மாதத்தில் திரும்ப ஓலை விடும். இப்போது சுற்றிவர வீடுகள் வந்துவிட்டதால் மனிதர் எரிக்கிறார்கள். எரிக்க முன்னர் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்களாம். ஈரப்பதம் அளக்கிறார்களாம். தண்ணீர் வண்டி நிற்கிறதாம். அயல் வீடுகளுக்கு அறிவித்தல் போகிறதாம். எரித்து முடிந்ததும் சாம்பலுக்குள் முழந்தாளில் இருந்து எது எது முளைக்கிறது என்று எழுதுகிறார்களாம்.

எனக்குப் பொறாமை வந்தது. மனிதர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு காட்டின்மேல் பொறாமைப்பட்டது அன்றுதான். எங்களுடைய இடமும் எரிந்தது, காற்று எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. சாம்பலுக்குள் எது முளைத்தது என்று எழுத ஒருவரையும் விடவில்லை.

"தாள்," என்றேன்.

"நாளைக்கு," என்றாள்.

அடுத்த நாள் நான் தனியாகப் பஸ்ஸில் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். ஸ்ரீல்ஸ் தெருவில் பிழையான பக்கத்தில் நின்று ஏறிவிட்டேன். ஓட்டுநர் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறாரே தவிர எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எங்கள் மினிபஸ் என்றால் நடத்துனர் ஏச்சோடு இறக்கி விட்டிருப்பான். மில்லிக்கன் பக்கத்தில் தமிழ் எழுத்தைக் கண்டு இறங்கினேன். கடைத்தொகுதி ஒன்றில் மட்டன் றோலும் தேத்தண்ணீரும் வாங்கினேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர்.

"பொடியன் ரெண்டு கிழமை வேலைக்குப் போகேல்லையாம். சண்டையை நிப்பாட்டச் சொல்லி ரோட்டில நிண்டவன்."

"நிண்டு?"

"நிண்டு என்ன. இப்ப வீட்டில படுத்திருக்கிறான்."

ஒருவர் என்னைக் கண்டு, "அக்கா ஊரில இருந்தோ? அங்க இப்ப எப்பிடி?" என்றார். நான் வாயைத் திறக்க முன்னம் மற்றவர் அங்கே எப்படி என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பத்து நிமிடம் சொன்னார். நான் றோலைச் சாப்பிட்டு முடித்தேன். சண்டையின் கடைசி நாட்களில் இவர்கள் தெருவில் இறங்கிக் கத்தி அழுதார்கள். அதே நாட்களில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் வானொலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் பாடக் குறிப்பு எழுதினோம். சத்தமாக அழவும் ஓர் இடம் வேண்டும். அதிலும் எனக்குப் பொறாமை.

கண்ணாடி வீட்டுக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. நளா அலுமாரியைத் திறந்து காட்டினாள். இரும்பு அலுமாரி, உள்ளே குளிர். நூற்றுப் பதினேழும் இருந்தது. ஒரு பூச்சி அரிப்பு இல்லை. சங்கஞ்செடி, ஆதண்டை, பிரண்டை, விராலி, ஒவ்வொன்றும் நேற்று ஒட்டியதுபோல. கீழே என் பெயர், என்னுடைய அந்த நாளைய கையெழுத்து. நான் அழவில்லை. அவள் அழுவேன் என்று எதிர்பார்த்து ஒரு ரிஷூ எடுத்து வைத்திருந்தாள்.

"கட்டித் தா," என்றேன்.

"உடன தூக்கித் தர ஏலாது தவம். இஞ்ச பதிஞ்சாச்சு. எல்லாத்திலும் அவையின்ர இலக்கம் விழுந்திட்டுது. கடிதம் குடுத்து அனுமதி எடுக்கவேணும்."

"என்ர செடிக்கு ஆற்ற அனுமதியடி?"

"உப்பிடிக் கத்தாதை. இது இஞ்சத்தை முறை."

"நான் சேர்க்கேக்கை முறை இருந்ததோ? பாம்பு கடிச்சிருந்தா உவை வந்திருப்பினமோ?"

நளா அலுமாரியைப் பூட்டினாள். எனக்குத் தரும் எண்ணமே இவளுக்கு இல்லை என்று அப்போது முடிவு செய்தேன். நிழலில் இருந்து ஒட்டியவள் கடைசியில் முழுவதையும் வைத்துக்கொண்டாள் என்று.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் என்னைக் கண்ணாடி வீட்டில் விட்டுவிட்டு நளா ஒரு கூட்டத்துக்குப் போக நின்றாள். கண்ணாடி வீட்டின் குழாய், வெப்பம் எல்லாவற்றையும் பார்க்கிறவர் நஸீர். கிழக்கிலங்கையில் ஓட்டமாவடிக்காரர், விட்பியில் குடும்பம், ஒவ்வொரு நாளும் ரயிலில் வருகிறார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"தவம், உனக்குக் கை சும்மா இராது," என்றாள் நளா. "உந்த முதல் மேசையில பன்னம் வந்து கிடக்கு. பிடுங்கிவிடன். வேற ஒண்டும் தொடாதை."

பன்னம் என்றால் இந்தியாவில் பெரணி என்பார்கள். குனிந்து பார்த்தேன். தெரிந்த முகம். எங்கள் கிணறுகளின் உட்சுவரில், கல்லும் சாந்தும் சேரும் இடத்தில், ஏணிபோல இலை விட்டுத் தொங்குமே, அது.

"இது எங்கட பன்னமெல்லோடி?"

"ஓம். ஆசியாவில இருந்து போனது. சுண்ணாம்புக் கல்லைக் கண்டா விடாது. பைன் காட்டுக்குள்ள ஏறி அங்கத்தைப் பன்னத்தைச் சாக்கொல்லுது. அங்க அது களை. கண்ட இடத்தில பிடுங்கச் சொல்லித்தான் சொல்றது," என்றுவிட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்கு நஸீரும் எழும்பினார். "டீச்சர், நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ட்டு வாறன். மறுகா சேர்ந்து சாப்பிடுவம்."

நான் தனிய நின்றேன். அந்தப் பன்னத்தில் கை வைக்க மனம் வரவில்லை. அடுத்த மேசைக்குப் போனேன். அங்கே சட்டி சட்டியாகக் கல்லுக்குள் புல் வளர்ந்து கிடந்தது. நட்ட செடி ஒன்றையும் காணவில்லை, குச்சியில் இலக்கம் மட்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். வெங்காயத் தோட்டத் தறைக்குள் நின்று கதைக்கும்போதும் கை புல்லைப் பிடுங்கும். கண் பார்க்கத் தேவையில்லை. கலியாண வீட்டுப் பந்தலடியில் நின்று பிடுங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நான் மனதுக்குள் நளாவோடு சண்டை பிடித்தேன், கை வேலையைப் பார்த்தது. ஒன்று, இரண்டு, பத்து. சட்டி துப்புரவானது.

பதினொன்றாவது இலேசாக வரவில்லை. இழுத்தேன். கிழங்குபோல் தடித்த ஆணிவேர் பாதியில் முறிந்து கையோடு வந்தது. புல்லுக்கு ஆணிவேர் இல்லை. விரலில் பிசின் மணம். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். இலை அல்ல, ஊசி. இரண்டும் மூன்றுமாகக் கட்டுக் கட்டாக. முன்னர் பிடுங்கிய பத்தும் இதேதான், அவற்றின் வேர் கல்லுக்குள்ளேயே அறுந்திருந்தது.

புளோரிடாவின் தெற்கில் உள்ள இந்தப் பைன் பிறந்ததும் மரமாக நிமிராது. சில வருடம் ஒரு பிடி புல்லாகவே கிடக்கும். மேலே ஒன்றும் காட்டாமல் கீழே வேரைத் தடிப்பாக்கும். நெருப்பு வந்தால் நடுக்குருத்தை அந்த ஊசிக் கூட்டம் காக்கும். வேர் போதும் என்று ஆனபிறகுதான் ஒரே மூச்சில் நெருப்புக்கு எட்டாத உயரத்துக்கு எழும்பும். முந்தாநாள் நளா இதைச் சொன்னாள். நான் அப்போது நெருப்பை நினைத்துக்கொண்டு நின்றேன், காதில் ஏறவில்லை.

இவ்வளவும் பிழை. பிழையை யாரும் விடலாம். இனிச் சொல்வது பிழை அல்ல.

பன்னிரண்டாவதைப் பைன் என்று தெரிந்துகொண்டே பிடுங்கினேன். கல், வெக்கை, குளிர் அலுமாரி, கடிதம், அனுமதி. ஒரு பிடி புல்லுக்கு நாலு வருடம் கண்ணாடிக்குள் இப்படி ஒரு வாழ்க்கை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வேர் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கை கழுவி, நஸீர் கொண்டுவந்த புரியாணியைச் சாப்பிட்டேன். பிசின் மணம் போகவில்லை.

பின்னேரம் நளாவோடு வீட்டில் இருக்கும்போது கண்ணாடி வீட்டில் பைன் கன்றுகள் பிடுங்கிக் கிடக்கின்றன என்று யாரோ அவளுக்கு அறிவித்தார்கள். அவள் உடனே நஸீருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நஸீர், அந்த மேசையை ஆர் தொட்டது? அது நாலு வருசத்துப் பிள்ளையள்."

மற்றப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "மேடம், நான் தொடல்லயே. பள்ளிக்குப் போய்ட்டு வந்து நான் குழாயடியிலதான் நிண்டன்."

"அப்ப ஆர்? திங்கட்கிழமை மேலிடத்தில சொல்லத்தானே வேணும். நீங்கள் இனி அந்த அறைக்குள்ள வரவேண்டாம்."

"சரி மேடம்," என்றார். தான் தொழப் போன நேரம் நான் அங்கே தனிய நின்றதை அவர் சொல்லவில்லை. மறந்திருக்கமாட்டார்.

தாவரவியல் படித்தவள் பைனைப் பிடுங்குவாள் என்று நளாவும் நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் தாள் போய்விடும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

காலையில் நளா தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நிற்கும்போது சொன்னேன். விளக்கம் ஒன்றும் வைக்கவில்லை.

"நான்தான் பிடுங்கினனான். பதினொண்டு புல்லெண்டு நினைச்சு. பன்னிரண்டாவது பைன் எண்டு தெரிஞ்சு. நஸீரைக் கூப்பிட்டுச் சொல்லு."

கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சு?"

"ஓம்."

"ஏனடி?"

"எரிச்சல்."

அடுப்பை அணைத்தாள். பிறகு எனக்கு முன்னாலேயே நஸீருக்கு எடுத்து, "நஸீர், என்னில பிழை. எனக்கு விசயம் தெரியும் இப்ப. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் போட்டாள். நூற்றுப் பதினேழு தாளையும் சேகரித்தவரிடம் ஒப்படைக்க அனுமதி. கீழே கையெழுத்து, முந்தின நாள் திகதி. அவள் வெள்ளிக்கிழமை போன கூட்டம் அதற்குத்தான்.

குகன் அண்ணை தொலைபேசியோடு உள்ளே வந்தவர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு பேரும் கண்ணாடி வீட்டுக்குப் போனோம். நஸீர் சனிக்கிழமை வரத் தேவையில்லை, ஆனாலும் வந்து நின்றார். குப்பையில் இருந்த பன்னிரண்டையும் எடுத்து ஈரச் சாக்கில் வைத்திருந்தார்.

"நஸீர், நான் நேற்றே சொல்லியிருக்கவேணும்," என்றேன்.

"ஓம் டீச்சர், சொல்லியிருக்கணும்," என்றார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். "புழைக்காது. எண்டாலும் நடுவம்."

நளா அலுமாரியைத் திறந்து தாள்களை மேசையில் வைத்தாள்.

"பதினொண்டு பிழை. அதுக்கு நான் கேட்கேல்லை. பன்னிரண்டாவதுக்கு ஒரு தாளை வச்சிட்டுப் போ. நீயே எடு."

நான் மேலே இருந்த பிரண்டையை எடுத்து நீட்டினேன். வேலி வேலியாகக் கிடக்கிற செடி. நளா கையை நீட்டவில்லை.

"உதுவோ நாலு வருசத்துக்கு?"

தாள்களைப் புரட்டினேன். அடியில் இருந்தது பன்னம். தெல்லிப்பழை, வீட்டுக் கிணறு, உட்சுவர், என் கையெழுத்து. அந்தக் கிணறு இப்போது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வலயத்துக்குள் இருந்து ஒருவரும் வந்து சொல்லவில்லை. அதை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"பிடுங்கச் சொல்லேக்கை இதையும் காட்டு," என்றேன். "அதுக்கும் ஒரு வீடு இருந்ததெண்டு."

நளா அதை வாங்கி, திரும்ப அலுமாரிக்குள் வைத்து, பூட்டினாள்.

நூற்றுப் பதினாறு தாள் என்னோடு வந்தது. இப்போது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், தகரப் பெட்டியில், பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். மழைக்கு ஒழுகும், மேலே பிளாஸ்ரிக் தாள் விரித்திருக்கிறேன். ஒவ்வொரு கிழமையும் திறந்து பார்க்கிறேன், கறையான் வந்துவிட்டதா என்று. நளாவிடம் விட்டுவந்த அந்த ஒன்றுக்கு மட்டும் கறையான் வராது, மழை வராது, அதை விட்டுவிட்டு யாரும் ஓடமாட்டார்கள். அதை நினைத்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.